வளர்த்த லட்சணம்

தற்கொலை எண்ணத்தோடு போராடும் பிள்ளைகளுக்கான குழு சிகிச்சையை ஒருவர் கேலி செய்யும் அந்தக் காணொலியைப் பார்த்திருப்பீர்கள். மறுபடி பகிர்ந்து அவருக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. "சாகணும்னு நினைக்கிற பசங்களை எல்லாம் ஒரே ரூம்ல உட்கார வெச்சா என்ன ஆகும்?" என்று ஒரு சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் அறியாமை என்று கடந்து போயிருப்பேன். "பெத்தவங்களுக்கு எதுக்கு சப்போர்ட்? எல்லாம் வளர்த்த லட்சணம்" என்றாரே! அதற்குக் கைதட்டல் வேறு.

நான் சொல்வது ஒன்றுதான். அந்த அறையில் பெற்றோருக்கும் நாற்காலி வேண்டும். பாவம் பார்த்து அல்ல, சிகிச்சையின் பாகமாக. வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபிஸ்ட்டோடு பிள்ளை இருப்பது அதில் ஓரிரு மணி நேரம். மீதிக்கு யார் ஐயா பொறுப்பு? நடுராத்திரியில் சாத்திய கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று நிற்பது யார்? நீங்களா?

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி என்ற, தாங்க முடியாத உணர்ச்சிகளைச் சமாளிக்கக் கற்றுத்தரும் பேச்சு சிகிச்சையை, அலெக் மில்லரும் ஜில் ரேத்தஸும் வளரிளம் பருவத்தினருக்கு ஏற்ப மாற்றியபோது, பல குடும்பங்கள் சேர்ந்து உட்காரும் குழுவைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை கற்பதைப் பெற்றவர்களும் கற்கிறார்கள். பெற்றவர்களும் பிள்ளையும் இரண்டு முனையில் நிற்காமல் நடுவில் சந்திக்க, 'நடுப்பாதை' என்று தனிப் பாடமே உண்டு. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 173 பிள்ளைகள். சிகிச்சை முடிந்த கட்டத்தில், வெறும் ஆதரவுச் சிகிச்சை பெற்றவர்களைவிட டிபிடி பெற்றவர்களிடம் தற்கொலை முயற்சிகள் குறைவு.

நானும் என் மகளும் போன குழுவில் ஒரு அப்பா இருந்தார். வாயே திறக்க மாட்டார். ஒருநாள் திடீரென்று, "எப்படி இருக்கேன்னு கேட்டாலே பொண்ணு கத்துறா, நான் என்னதான் பண்றது?" என்றார். அவர் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொன்னது வேறொரு வீட்டுப் பையன். "கேட்காதீங்க அங்கிள். சும்மா பக்கத்துல வந்து உட்காருங்க." அந்தப் பெண் தலையை ஆட்டினாள். சொந்தப் பிள்ளையால் சொல்ல முடியாததை அடுத்த வீட்டுப் பிள்ளை சொல்லும். ஒரே ரூமில் உட்கார வைத்தால் இதுதான் ஆகும், ஐயா.

"தன்னைக் காயப்படுத்திக்கறதை ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கத்துக்க மாட்டாங்களா?" நியாயமான பயம்தான். அதனால்தான் எப்படிச் செய்தேன், எதை வைத்துச் செய்தேன் என்ற பேச்சுக்கே குழுவில் இடமில்லை. "எல்லாக் குழுவும் பலன் தருதா?" இல்லை. பிரிட்டனில் 366 பேரோடு நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், வேறு வகைக் குழு சிகிச்சை ஒன்று வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. ஒப்புக்கொள்கிறேன், மேலே போகலாம். "தற்கொலை எண்ணம் இருக்கான்னு வாய்விட்டுக் கேட்டா இல்லாத எண்ணம் வந்துடாதா?" வராது. அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் 2,000 பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்து 2005லேயே சொல்லிவிட்டார்கள். "கவனத்துக்காகப் பண்றாங்க" என்பவர்களுக்கு: சரி, கவனம் வேண்டும் என்கிறது பிள்ளை. கொடுத்தால் எதில் குறைந்துவிடுவீர்கள்?

'வளர்த்த லட்சணம்' கட்சிக்கு என்ன சொல்ல? பிள்ளைக்குக் கால் உடைந்தால் உறவு மொத்தமும் வந்து பார்க்கிறது. இதற்கு யார் வந்தார்கள்? வந்த ஒன்றிரண்டு பேரும் என் முகத்தில் காரணம் தேடினார்கள். தவிப்பைத் தாங்க முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பது, மூச்சை மெதுவாக விடுவது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வீட்டில் முதலில் செய்தது நான்தான். அந்தக் குழு இல்லாவிட்டால் நான் எங்கே போயிருப்பேன்? கைதட்டியவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு முகங்கள் இருந்தன. அதுதான் இன்னும் ஆறவில்லை. அவர்கள் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

'எந்த மாதிரிக் குடும்பமோ' என்று கீழே எழுத வருபவர்களை பிளாக் செய்வேன், விவாதிக்க மாட்டேன். பெற்றவர்கள் யாராவது இன்பாக்ஸில் கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கே பயமாக இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஆபத்தானவற்றை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போனதும் கேளுங்கள், எனக்கும் குழு உண்டா என்று.