ஏப்பம் விட்ட குப்பைத்தொட்டி

2025 மே 31 அன்று ‘டாக்டர் ஹூ’ சீசனின் கடைசிக் காட்சியில், டாக்டராக நடித்த ஷூட்டி கட்வாவின் உடல் ஒளியாக வெடித்தது. ஒளி அடங்கியபோது அங்கே பில்லி பைபர் நின்றார். அவர் எந்தப் பாத்திரமாக வந்திருக்கிறார் என்பதைக்கூடப் பெயர்ப்பட்டியலில் சொல்லவில்லை. ‘அறிமுகம்’ என்று மட்டும் போட்டு முடித்துக்கொண்டார்கள். என் நண்பர்கள் வட்டத்தில் அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. பழைய சோற்றைச் சூடாக்கிப் பரிமாறுகிறார்கள் என்று ஒரு கட்சி. தொடர் செத்தேவிட்டது, பால் ஊற்றுங்கள் என்று இன்னொரு கட்சி. எனக்கோ அந்த முகத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது ஒரு குப்பைத்தொட்டி.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 1963 நவம்பர் 23, கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் இது. டாக்டர் என்ற ஆசாமி நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தின் குறுக்கே பயணம் செய்வார். முதல் பகுதியை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1966இல் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் விலக வேண்டி வந்தபோது, சாகும் தறுவாயில் டாக்டருக்கு உடலும் முகமும் மாறிவிடும் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஒரே உபாயத்தில்தான் தொடர் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு முறை நின்றது. எதிர்ச் சேனலில் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ ஓடும் நேரத்திலேயே இதையும் போட்டுப் போட்டு இளைக்க வைத்து, 1989 டிசம்பர் 6ஆம் தேதியோடு நிறுத்தினார்கள். ஒழுங்கான விடை கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். இதை உயர்வு நவிற்சி என்று நினைக்க வேண்டாம். அறுபதுகளின் நாடாக்களைப் பிபிசி அழித்துவிட்டதால் பல பகுதிகளுக்குப் படமே இல்லாமல் போயிற்று. ஆனால் ஒலி அத்தனையும் இருக்கிறது. காரணம், அந்தக் காலத்தில் சிறுவர்கள் சிலர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். தொடர் நின்ற பிறகு 1991 முதல் புதிய நாவல்கள் வந்தன, 1999 முதல் ஒலி நாடகங்கள் வந்தன. எழுதியவர்களில் பலரும் ரசிகர்கள், வாங்கியவர்களும் ரசிகர்கள். நடுவே 1996இல் அமெரிக்கப் பணத்தில் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. பால் மெக்கான் நடித்தார். அதில் டாக்டர் ஒரு பெண்ணை முத்தமிட்டார், தாய்வழியில் பாதி மனிதன் என்றும் சொல்லிக்கொண்டார். அந்த இரண்டையும் மன்னிக்க மாட்டோம் என்று வரிந்துகட்டி நின்றவர்கள் எத்தனையோ பேர். படத்தோடு அந்த முயற்சியும் முடிந்தது.

ஆகவே 2003 செப்டம்பரில், ரஸல் டி டேவிஸ் எழுத்தில் தொடர் மீண்டும் வருகிறது என்று பிபிசி அறிவித்தபோது ரசிகர்களுக்கு மகிழ்ச்சியைவிடக் கலக்கமே அதிகமாக இருந்தது. சூடு கண்ட பூனைகள் அவர்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன்தான் டாக்டர் என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். துணைப் பாத்திரத்துக்குப் பதினைந்து வயதிலேயே பாட்டுப் பாடிப் புகழ்பெற்ற பில்லி பைபர் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒளிபரப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதல் பகுதி இணையத்தில் கசிந்தது. கனடாவிலிருந்து என்று பிறகு தெரிந்தது. பார்த்தவர்கள் பார்க்காததுபோல் நடித்துக்கொண்டே தீர்ப்பெழுதினார்கள்.

அப்போது நான் லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்ட் ஹாமில் பெரியம்மா வீட்டில் தங்கி, மாலை வேளைகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை பார்த்தேன். அங்கே என் மேற்பார்வையாளர் நாற்பத்திரண்டு வயது ஆங்கிலேயர். மனிதர் சாதுதான், இந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் வேறு ஆள். உணவு இடைவேளையில் எனக்குப் பதினைந்து ஆண்டுக் கதையையும் பாடமாக எடுத்து, “சனிக்கிழமை ஏழு மணி. வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதே” என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

2005 மார்ச் 26, ஈஸ்டருக்கு முந்தின நாள். பெரியம்மா அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் ஏழு வயது மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு டாக்டரும் தெரியாது, 1989உம் தெரியாது. திரையில் ரோஸ் டைலர் (பில்லி பைபர்தான்) என்ற பத்தொன்பது வயதுப் பெண், ஒரு பெரிய துணிக்கடையின் விற்பனையாளர், கடை மூடும் நேரத்தில் நிலவறைக்குப் போகிறாள். இருட்டில் வரிசையாகத் துணிக்கடைப் பொம்மைகள். ஒன்று தலையைத் திருப்புகிறது. சிறுவன் மெல்ல நகர்ந்து என் முதுகுக்கும் சோபாவுக்கும் நடுவே புகுந்துகொண்டான். யாரோ ஒருவன் ரோஸின் கையைப் பற்றி ‘ஓடு’ என்கிறான். சிறுவன் என் சட்டையைப் பற்றிய பிடியை விடவே இல்லை.

பிறகு அந்தக் குப்பைத்தொட்டி வந்தது. ரோஸின் காதலன் மிக்கி, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தானாக நகர்வதைப் பார்த்து மூடியைத் திறக்கிறான். கை ஒட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் மிட்டாய்ப் பாகுபோல் இழுபடுகிறது. தொட்டி அவனை விழுங்குகிறது. விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறது. சிறுவன் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தான். அடுப்படியிலிருந்து பெரியம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அந்தக் கணத்தில் எனக்கு மேற்பார்வையாளரின் முகம் கண்முன் வந்து வயிறு கலங்கியது.

நினைத்தது சரியாகவே இருந்தது. விடுமுறை முடிந்து செவ்வாயன்று கிடங்கில் அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “ஏப்பம் விட்டது” என்றார். சற்றுப் பொறுத்து, “பதினைந்து ஆண்டு காத்திருந்தேன். ஏப்பம் விட்டது” என்றார். பிறகு பட்டியல் தொடங்கியது. நாற்பத்தைந்து நிமிடத்தில் கதையை அள்ளித் தெளித்துவிட்டார்கள். தோல் சட்டை போட்ட டாக்டர் மதுக்கடை வாசலில் நிற்பவன்போல் இருக்கிறான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு எதற்கு இத்தனை காட்சிகள்? போதாக்குறைக்கு, நிலவறைக் காட்சியின்போது பல ஊர்களில் வேறொரு நிகழ்ச்சி அரங்கத்திலிருந்து தொகுப்பாளர் கிரகாம் நார்ட்டனின் குரல் தவறுதலாக ஒலிபரப்பாகிக் கேட்டிருந்தது. அதையும் டேவிஸின் கணக்கிலேயே எழுதினார். ஆனால் நன்றாக இருந்தவற்றைக் கேட்டபோது, ரோஸ் நீலப் பெட்டிக்குள் நுழைந்து, மிரண்டு வெளியே ஓடி, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் நுழையும் இடத்தைக் கையை ஆட்டி ஆட்டி நடித்தே காட்டினார். கோபக்காரன் இப்படி நடித்துக் காட்ட மாட்டான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த மாதிரி மனிதர்களைக் கிண்டல் செய்வது சுலபம். குழந்தைகள் தொடருக்கு இத்தனை கோபமா, வளரவே மாட்டார்களா என்று அன்றும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் கதையைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பார்க்காமல் பந்தியில் தனக்கு இலை போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் உறவினர்போல, இதில் தனக்கு இடம் இருக்கிறதா என்று நாற்பத்தைந்து நிமிடமும் தேடிக்கொண்டிருந்தார். நெடுநாள் சோறு போட்டவனுக்கு அந்தத் தேடல் நியாயமானதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இடம் இருந்தது. டேவிஸும் இதே ஜாதி ரசிகர்தானே. தொடர் நின்றிருந்த காலத்தில் அதன் நாவல் ஒன்றை எழுதியவர். முதல் பகுதியின் நடுவில் கிளைவ் என்று ஒருவரை வைத்தார். வீட்டுக் கொட்டகைக்குள் டாக்டரைப் பற்றிய படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்து, இணையதளமும் நடத்துபவர். ரோஸ் அவரைத் தேடி வரும்போது, “இதைப் படித்துவிட்டு வந்தது ஒரு பெண்ணா?” என்று அவர் மனைவி வியக்கிறாள். ரசிகன் ரசிகர்களைக் கிள்ளிய கிள்ளு அது. கிளைவ் காட்டும் படங்களில் ஒன்று கென்னடி சுடப்பட்ட தருணம். கூட்டத்தில் டாக்டர் நிற்கிறார். சிறுவனுக்கு அது வெறும் பழைய படம். தொடர் எந்த நாளில் பிறந்தது என்று தெரிந்தவனுக்கு மட்டும் அது காதோடு சொன்ன சேதி. கடைசியில் கடைவீதியில் பொம்மைகள் உயிர்பெறும்போது கிளைவ் அங்கே நிற்கிறார். மனைவி மக்கள் பதறுகிறார்கள். அவர் முகத்தில் முதலில் தெரிவது பயம் அல்ல. தான் படித்ததெல்லாம் உண்மை என்ற பரவசம். அடுத்த நொடி சுடப்பட்டுச் சாகிறார்.

இந்தக் காட்சியைக் கொடுமை என்பார்கள். பழைய ரசிகனைக் கூப்பிட்டு வைத்துச் சுட்டுத் தள்ளிவிட்டு, இனி இந்தக் கதை துணிக்கடைப் பெண்ணுடையது என்று டேவிஸ் சொல்லிவிட்டாராம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு மகிழ்ச்சியைக் கிளைவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாகடித்தார்.

முதல் பகுதியை 1 கோடியே 8 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த சீசனையும் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியையும் பிபிசி உடனே அறிவித்தது. அந்தச் சந்தோஷம் வாரக்கடைசி வரைகூடத் தாங்கவில்லை. மார்ச் 30ஆம் தேதியே எக்கிள்ஸ்டன் ஒரு சீசனோடு விலகுகிறார் என்ற செய்தி வெளியாயிற்று. ஒரே வகைப் பாத்திரத்தில் முத்திரை குத்தப்படுவதற்கு அஞ்சுகிறார் என்று அவர் பெயரால் ஒரு கூற்றையும் வெளியிட்டு, பிறகு அவர் அப்படிச் சொல்லவில்லை என்று பிபிசியே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தோல் சட்டையைத் திட்டிய என் மேற்பார்வையாளர் மறுநாள் இழவு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். “இப்போதுதான் பழகத் தொடங்கினேன்” என்றார். நாலு நாளில்!

ரசிகனின் சினத்தை நான் முழுக்க நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1986இல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சியில், அந்த ஆண்டின் கதைகள் சரியில்லை என்று எழுத்தாளர்களின் முகத்துக்கு நேரே ஓர் இளம் ரசிகர் குறை சொன்னார். பெயர் கிறிஸ் சிப்னல். 2018இல் தொடரின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதன் பிறகு அவர் வாங்கிய ஏச்சோடு பார்த்தால், 1986இல் அவர் சொன்னது கொஞ்சல்.

ஏழு வயதுக்காரன் என்ன செய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரக்கடைசியில் பெரியம்மா புடவை எடுக்க எங்களை ஹை ஸ்ட்ரீட் நார்த்துக்கு அழைத்துப் போனார். கடை வாசலில் பட்டுப்புடவை கட்டி, கழுத்து நிறைய முலாம் நகை பூட்டி, மூன்று பொம்மைகள் கும்பிட்டபடி நின்றன. சிறுவன் படியில் கால் வைக்க மறுத்துவிட்டான்.

“மாமா, நடுவில் இருப்பது அசைந்தது.”

“காற்றில் முந்தானை அசைந்திருக்கும்.”

“முந்தானை இல்லை. விரல்.”

பெரியம்மா உள்ளே முக்கால் மணி நேரம் விலை பேசினார். நாங்கள் இருவரும் தெருவின் எதிர்ப்பக்கம் குளிரில் நின்று அந்த மூன்று பேரையும் காவல் காத்தோம். உண்மையைச் சொன்னால், நானும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை மேற்பார்வையாளரிடம் சொன்னபோது முதன்முறையாகச் சிரித்தார். அந்தப் பொம்மைகள் 1970 ஜனவரியில், தொடரின் முதல் வண்ணக் கதையில் அறிமுகமானவை. அப்போது அவருக்கும் ஏழு வயது. கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அவை வெளியே வந்த காட்சிக்குப் பிறகு ஒரு மாதம் அம்மாவோடு கடைவீதிக்குப் போகவில்லையாம். “இப்போது எடுத்ததைவிட அது எவ்வளவோ மேல். சில்லு சில்லாகக் கண்ணாடி நடைபாதையில் சிதறியது இன்னும் கண்ணில் நிற்கிறது” என்றார். மறுவாரம், பையனுக்குக் காட்டு என்று அந்தக் கதையின் வீடியோ நாடாவைக் கொண்டுவந்தார். கிடங்கின் ஓய்வறையில் பழைய பிளேயர் ஒன்று இருந்தது. அந்த இடத்தை மட்டும் எனக்குப் போட்டுக் காட்டினார்.

விடிகாலைத் தெரு. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் அசைகின்றன. கண்ணாடி உடையும் சத்தம் கேட்கிறது. சத்தம் மட்டும்தான். உடைவதை எங்கேயும் காட்டவில்லை.

அவர் நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டார். சத்தம் கேட்டது. மூன்றாவது முறை பின்னால் ஓட்டினார். இடைவேளை முடிந்த மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.