டேங்க் மேல உட்கார வச்சா பிள்ளை வண்டி பழகிடுமா?

நேற்று மாலை ஒரு வீடியோ வந்தது. அனுப்பியது எனக்கு அண்ணன் முறை. பெயர் வேண்டாம், அவர் இதைப் படிக்கவும் வாய்ப்பிருக்கிறது, படித்தால் நல்லதுதான். முப்பது விநாடி ஓடுகிறது. இரண்டரை வயதுப் பையன் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறான். தலையில் ஒன்றும் இல்லை, காலில் செருப்புகூட இல்லை. பின்னால் அப்பா, அதாவது இதே அண்ணன், அவர் தலையும் வெறும் தலை. பையனின் பிஞ்சு வலது கை ஆக்சிலேட்டர் மேல், அதற்கு மேல் அப்பாவின் கை. "முறுக்குடா செல்லம், முறுக்கு, இன்னும் முறுக்கு!" வண்டி உறுமுகிறது, பையன் கெக்கெக்கே என்று சிரிக்கிறான், படம் எடுப்பவர் சிரிப்பதும் கேட்கிறது. கீழே ஒரு வரி: "சிங்கக்குட்டி வண்டி பழகுது." அதோடு விட்டிருந்தால் நானும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். அடுத்து எனக்கென்றே தனியாக ஒன்று: "என்னம்மா, உன் பொண்ணு இன்னும் அந்தப் பொம்மை வண்டியதான் உருட்டிக்கிட்டு இருக்காளா?"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. பிள்ளைகளை வண்டிப் பக்கமே விடாதே என்று சொல்கிற ஆள் இல்லை நான். பதினைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன், என் மகளுக்கு ஆறு வயது, அவளும் ஓட்டுகிறாள், நான்தான் பழக்குகிறேன். அதனால்தான் இந்த 'சிங்கக்குட்டி' வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது பழக்குவதே இல்லை. அதில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது, சொல்லுங்கள்? முறுக்கினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் பெரியவர்கள் கைதட்டுவார்கள். அவ்வளவுதான். பிரேக் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது, அந்த லிவர் வரைக்கும் விரல் எட்டக்கூட எட்டாது.

வண்டியில் கடைசியாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய பாகம் ஆக்சிலேட்டர். நம் ஆட்கள் அதில்தான் தொடங்குகிறார்கள்.

பயந்துபோன பிள்ளை என்ன செய்யும் என்று யாராவது கவனித்திருக்கிறீர்களா? கையில் என்ன இருக்கிறதோ அதை இறுக்கிப் பிடிக்கும். அம்மாவின் சேலை என்றால் சேலை, ஆக்சிலேட்டர் என்றால் ஆக்சிலேட்டர். வண்டி திடீரென்று முன்னால் பாயும், உடம்பு பின்னால் சாயும், உடம்போடு சேர்ந்து மணிக்கட்டும் கீழே இறங்கும், இறங்கினால் ஆக்சிலேட்டர் இன்னும் கொஞ்சம் திறக்கும், வண்டி இன்னும் வேகமாகப் பாயும், பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். விடு, விடு என்று நாம் கத்துவது அதன் காதில் ஏறவே ஏறாது. பெரியவர்களுக்கே இது நடக்கிறது. ஓட்டுகிறவர்கள் மத்தியில் இதற்கு விஸ்கி த்ராட்டில் என்று பட்டப்பெயரே உண்டு, த்ராட்டில் என்றால் ஆக்சிலேட்டர்தான். இங்கே பிள்ளை குடிக்கவில்லை, முறுக்கச் சொன்னவர்தான் ஏதோ போதையில் இருக்கிறார்.

சரி, அண்ணன் கை மேலே இருந்ததே, அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா? முன்பு ஒரு தடவை கேட்டபோது இதே பதிலைத்தான் அவரும் சொன்னார். "நான் புடிச்சிருக்கேன்லம்மா." எதைப் பிடித்திருக்கிறீர்கள்? ஒரு நாய் குறுக்கே வந்து நீங்கள் முன் பிரேக்கை அழுத்தினால் உங்கள் எழுபது எண்பது கிலோ உடம்பு முன்னால்தான் போகும். உங்களுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருப்பது யார்? பிள்ளையைக் கட்டிப் பிடித்துக் காப்பாற்றலாம் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் நசுக்கப்போவதே நீங்கள்தான். டேங்க் மேல் உட்கார்ந்த பிள்ளைக்குப் பிடிமானமும் கிடையாது, கால் ஊன்ற இடமும் கிடையாது. இதில் பாதி தூரம் போனதும் காற்றுப் பட்டுத் தூங்கிவேறு விடும். ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற சாகசத்தையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ரகம், பத்து வயதுப் பையனிடம் முழு வண்டியையே கொடுத்து "ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்பவர்கள். பையன் முப்பது கிலோ இருப்பான், வண்டி 140 கிலோ. இந்தக் கணக்கில் எழுபது கிலோ ஆள் 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை, அதுவும் இரண்டு காலும் தரையில் படாமல், சமாளிக்க வேண்டும். நீங்கள் ஏறுவீர்களா? நின்றுகொண்டிருக்கும்போது லேசாகச் சாய்ந்தால்கூட அந்த எடையை அவனால் தாங்க முடியாது, வண்டி அவன் காலின் மேல்தான் விழும், சைலன்சர் சூடாக வேறு இருக்கும். ஆனால் "எங்க பையன் பத்து வயசுலயே புல்லட்டாட்டம் ஓட்டுவான்" என்று சொல்லிக்கொள்ள வேண்டும் இல்லையா, அதற்காகத்தானே இத்தனையும்.

இவர்கள் எல்லோரும் உதாரணத்துக்கு இழுத்து வருவது பைக் பந்தயத்தில் பலமுறை உலக சாம்பியனான மார்க் மார்க்கேஸை. "அவருக்கு நாலு வயசுல வண்டி வாங்கிக் கொடுத்தாங்க தெரியுமா?" தெரியும். அது அவர் உயரத்துக்குச் செய்த குட்டி வண்டி என்பதும், நம் வீட்டு வண்டியின் டேங்க் அல்ல என்பதும் தெரியும். இன்னொன்றும் தெரியும், அதை மட்டும் இவர்கள் வாயால் சொல்லவே மாட்டார்கள். 2021-ல் ஒரே வருடத்துக்குள் மூன்று இளம் பந்தய வீரர்கள் ஓடுதளத்தில் இறந்தார்கள். மூன்று பேரும் இருபது வயதைத் தொடாதவர்கள், அதில் ஒரு பையனுக்கு 14 வயதுதான். அவர்கள் உடம்பில் தோல் உடை, ஹெல்மெட், சுற்றிலும் மருத்துவர்கள், எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகுதான் உலக சாம்பியன்ஷிப்பில் நுழையும் வயதைப் பொதுவாக 18 என்று 2023 முதல் உயர்த்தினார்கள். பந்தயத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வயதை ஏற்றுகிறார்கள், நம் அண்ணன்மார்கள் இரண்டரை வயதுக்கு இறக்குகிறார்கள்.

இப்போது அந்தப் 'பொம்மை வண்டி' கதைக்கு வருகிறேன்.

என் மகள் இரண்டரை வயதில் ஏறியது பெடல் இல்லாத சைக்கிளில். காலால் உந்தி உந்திப் போவது. அப்போதும் சிரித்தார்கள், "பெடல் வாங்கக் காசு இல்லையா?" என்று. 1817-ல் ஜெர்மனிக்காரர் கார்ல் வான் டிரைஸ் செய்த முதல் இரண்டு சக்கர வண்டிக்கும் பெடல் கிடையாதுங்க. பெரிய மனிதர்களே காலால் உந்தித்தான் அதில் போனார்கள். உந்தும்போது சமநிலை தானாக வருகிறது. பக்கச் சக்கரம் மாட்டிய சைக்கிளில் அது வராது, ஏனென்றால் அந்தச் சக்கரங்கள் வண்டியைச் சாயவே விடாது, சாயாமல் திரும்பப் பழகிய பிள்ளை அவற்றைக் கழற்றிய அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். என் மகளுக்கு நான்கு வயதில் பெடல் சைக்கிள் கொடுத்தபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டிய வேலையே எனக்கு இல்லை. ஏறினாள், போனாள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒன்றரை வருடம் சைக்கிளிலேயே பிரேக் பழக்கம். முன் பிரேக், பின் பிரேக், இரண்டும் சேர்த்து, மணலில், ஈரத் தரையில். அதற்குப் பிறகுதான் மோட்டார். வாங்கியது பழைய யமஹா பி.டபிள்யூ.50. நாற்பது வருடத்துக்கு மேலாகக் கிட்டத்தட்ட அதே உருவத்தில் வருகிற குட்டி வண்டி. சீட் உயரம் அரை மீட்டர்கூட இல்லை, எடை சுமார் 40 கிலோ. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, இரண்டு பிரேக்கும் சைக்கிள் மாதிரி கையிலேயே. சைக்கிளில் பழகிய விரல் அப்படியே இங்கேயும் வேலை செய்யும். நல்லது நினைத்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு திருகு. ஆக்சிலேட்டர் பிடி நுழையும் கூட்டில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கும், பார்த்தால் கண்ணிலேயே படாது. அதை உள்ளே ஏற்றிவிட்டால் பிடி கொஞ்சம்தான் திரும்பும், பிள்ளை எவ்வளவு பயந்து முறுக்கினாலும் வேகம் அதைத் தாண்டாது. வெளியே எடுக்க எடுக்கப் பிடி கூடுதலாகத் திரும்பும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் நான்கு மடங்காகும், அதனால் இந்தத் திருகில் அரைச் சுற்று என்பது சின்ன விஷயமே இல்லை. ஸ்க்ரூடிரைவர் என் பையில்தான் இருக்கும், யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். போன மாதம் இந்த அண்ணன் வந்தபோது "அதக் கழட்டி விடும்மா, புள்ள ஆசையா போவா" என்றார். ஆசையாகப் போவாள். யார் நிறுத்துவது?

ஹெல்மெட் விஷயம் இன்னொரு கூத்து. "வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா வாங்கு." இது என்ன பாவாடையா, மடித்துத் தைத்துக்கொள்ள? ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து ஆட வேண்டும். தாடைப் பட்டையைப் போட்ட பிறகு, பின்னால் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்பக்கமாக உருட்டிப் பார்க்க வேண்டும், கழன்று வந்தால் அது ஹெல்மெட் இல்லை, தொப்பி. பெரியவர்கள் ஹெல்மெட் ஒன்றரை கிலோ இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு பார்த்தால் தலையே பெரிசு, கழுத்துத் தசைக்கு வலு குறைவு, அதன் மேல் ஒன்றரை கிலோவை ஏற்றி "பாரு, பாதுகாப்பா கூட்டிட்டுப் போறேன்" என்றால் எப்படி? குழந்தைகளுக்கென்றே எடை குறைந்தது செய்கிறார்கள். அதையும் தாங்காத கழுத்து என்றால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் வண்டி ஏறும் வயசு ஆகவில்லை, வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

எரிச்சலின் உச்சம் எது தெரியுமா? நான் பி.டபிள்யூ வாங்கிய அன்று இதே அண்ணன் சொன்னது: "ஆறு வயசுப் புள்ளைக்கு மோட்டார் வண்டியா? உனக்கென்ன கல்நெஞ்சா?" சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மகனைத் தூக்கி டேங்க் மேல் வைத்து, தெருவில், லாரியும் பஸ்ஸும் போகிற தெருவில், கிளம்பிப் போனார். என் மகள் ஓட்டுவது நான்கு பக்கமும் அடைத்த வெறும் மைதானத்தில். முழங்கையில் காப்பு, முழங்காலில் காப்பு, கணுக்கால் மூடிய பூட்ஸ், கையுறை. வேகம் நான் கூடவே ஓடுகிற வேகம். கல்நெஞ்சக்காரி நான்!

எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குள் இந்த மாதிரி மைதான வண்டிகளே வேண்டாம் என்று பல வருடமாகச் சொல்லிவருகிறது, அதைப் படித்துவிட்டுத்தான் இறங்கினேன். பிழை என்று யாராவது உட்கார்ந்து பேசினால் கேட்கத் தயார். அவள் வேண்டாம் என்றால் அன்றைக்கே வண்டியை விற்றுவிடுவேன். போன வாரம் ஒரு நாள் பாதியில் இறங்கி "போதும்மா, மண்ணுல விளையாடறேன்" என்றாள். நாற்பது நிமிடம் மண்ணில் விளையாடினாள், நான் வண்டி பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தேன். அன்றைய பயிற்சி அவ்வளவுதான். அந்த வீடியோப் பையனிடம் யாராவது கேட்டார்களா, உனக்கு இறங்கணுமா என்று? இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன், இருபதாவது விநாடியில் சத்தம் ஏறியதும் அவன் சிரிப்பு ஒரு நொடி நின்றுபோகிறது, அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறான். அப்பா கேமராவைப் பார்க்கிறார்.

அண்ணனுக்கு என்ன பதில் அனுப்புவது என்று ராத்திரி பத்து மணி வரை தட்டித் தட்டி அழித்தேன். கடைசியில் ஒரே வரி: "அவனுக்கு நிறுத்தத் தெரியுமா அண்ணா?" இரண்டு நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

என் மகளுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. மைதானத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். வேகமாக வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொடாமல், கால் ஊன்றி நிற்க வேண்டும். தொடர்ந்து பத்து தடவை நின்றால் திருகை அரைச் சுற்று வெளியே எடுப்பேன். இன்று காலை ஒன்பது வரைக்கும் வந்துவிட்டாள். பத்தாவது தடவை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்ததில் சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போய்விட்டது. இறங்கி, குனிந்து, அந்த ஒரு சாணைக் கையால் அளந்து பார்த்தாள். "கொஞ்சம்தானேம்மா" என்றாள்.

திருகு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாளைக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.