1948இல் தென்னாப்பிரிக்கா ஆதரவாக வாக்களிக்கவில்லை

"1948இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையை உருவாக்க நம் நாடும் கை தூக்கியது" என்று தென்னாப்பிரிக்காவைப் பற்றி ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது தவறு. அந்த டிசம்பர் 10இல் நிறைவேறியது உலக மனித உரிமைப் பிரகடனம்தான். ஆதரவு 48, எதிர்ப்பு இல்லை; ஒதுங்கிக்கொண்ட 8 நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. ஒதுங்காமல் என்ன செய்யும்? இங்குள்ள இந்தியர்களின் நில உரிமையைச் சுருக்கிய 1946 சட்டத்தை மறுத்து டர்பனில் நம்மவர்கள் சிறைக்கே போனார்கள். இந்தியா அதே ஆண்டில் ஐ.நா.விடம் புகாரும் கொடுத்தது. அப்புறம், பேரவை வந்தது 2006 மார்ச் 15இல்தான், பழைய மனித உரிமை ஆணையத்துக்குப் பதிலாக. ஆதரவு 170, எதிர்ப்பு 4. முதலில் தேர்வான 47 நாடுகளில் தென்னாப்பிரிக்கா இருந்தது உண்மை.