புரோகாவை முதல் மலையாகச் சொல்லாதீர்கள்

மலேசியாவின் செமினி வட்டாரத்தில் யாராவது "குடும்பத்தோட ஹைக்கிங் போகணும், ஈசியான மலை ஒன்னு சொல்லுங்க" என்று கேட்டால், உடனே வரும் பதில் புரோகா. பக்கத்திலேயே இருக்கிறது, 400 மீட்டர்தான், சின்னப் பிள்ளைகளே ஏறுகிறார்கள் என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும், காட்டுப் பாதையில் நடந்தே பழகாதவர்களுக்கு அதை முதல் மலையாகச் சொல்வது தப்பு என்பது என் கட்சி.

பத்துமலைப் படிகளை வைத்துக் கணக்குப் போடுவோம். 272 படி, படிக்கு 17 சென்டிமீட்டர் என்று வைத்தால் 46 மீட்டர் உயரம். புரோகா அடிவாரம் கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதைக் கழித்தாலும், பத்துமலையை நிற்காமல் ஐந்தாறு முறை ஏறுவதற்குச் சமம். பத்துமலையில் படி ஒரே அளவாக இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. புரோகாவில் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைத் தாண்டி, மரநிழலைத் தாண்டியதும் வெறும் மண் சரிவுதான். அதற்கும் மேலே லாலான் புல்லும் பாறையும் வெயிலும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். விழுவதெல்லாம் இறங்கும்போது. வாரக் கடைசியில் ஏறி இறங்கும் கூட்டம் அந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறது. மழை பெய்தால் சவர்க்காரம் தடவிய தரை. பத்து நாள் காய்ந்தால் இன்னும் மோசம்: மேலே உதிர்ந்து கிடக்கும் பொடிக் கல் கடுகு கொட்டிய மாதிரி உருளும். மழைநீர் பாதையின் நடுவே வாய்க்கால் அறுத்திருக்கும். அதற்குப் பயந்து ஆட்கள் ஓரத்துப் புல்லை மிதிக்க, புல் செத்து, அங்கேயும் மண் கரைந்து பாதை அகலமாகிக்கொண்டே போகிறது.

குதிகாலை முதலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இறங்குபவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பாரம் முழுக்கக் குதிகாலின் விளிம்பில் போய்விடுவதால் கால் முன்னே ஓடிவிடும். முழங்காலை லேசாக மடக்கி, அடியைச் சின்னதாக்கி, பாதத்தைக் குறுக்கே திருப்பி முழுப் பாதத்தையும் பதிக்க வேண்டும். வேர் தெரிந்தால் அதற்கு மேல் பக்கம் மிதியுங்கள். ஈர வேரின் முதுகில் மிதிக்கக் கூடாது. லாலானைப் பிடித்தால் கை கீறும். யாரோ கட்டிவைத்த நைலான் கயிறு வெயிலில் மக்கியிருக்கலாம். முதலில் இழுத்துப் பார்த்துவிட்டு, நிதானத்துக்கு மட்டும் பிடியுங்கள், உடம்பைத் தொங்கவிடாதீர்கள்.

காலணிக்கு வருவோம். முதல் நடைக்கே நானூறு ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மலைச்சப்பாத்து வாங்கத் தேவையில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து, கிண்டலாக 'கம்போங் அடிடாஸ்' என்போமே, அது இன்றைக்கும் சுமார் இருபது வெள்ளிக்குச் சீனர் மளிகைக் கடையில் தொங்குகிறது. முழுச் சப்பாத்தும் ஒரே அச்சில் வார்த்தது. தனியாக ஒட்டிய அடி இல்லாததால் பிய்ந்து போக வழியில்லை. நாலைந்து வருஷம் அலமாரியில் கிடந்த விலை உயர்ந்த சப்பாத்துக்குப் பசை இற்றுப்போய், பாதி வழியில் அடி வாயைப் பிளப்பதைப் புரோகாவில் அடிக்கடி பார்க்கலாம். ரப்பர் சப்பாத்தின் அடிக் குமிழ்கள் மண்ணைக் குத்திப் பிடிக்கும். வீட்டுக்கு வந்து குழாயடியில் காட்டினால் போதும்.

அதற்கும் குறை உண்டு. மெத்தை கிடையாது, தார் ரோட்டில் நடந்தால் குதிகால் வலிக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியே போகாது. வெறுங்காலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் கொப்பளம். ஒரு அளவு பெரிதாக வாங்கி, முழங்கால் வரை வரும் பந்தாட்டக் காலுறை போடுங்கள். அட்டைக்கும் அதுவே காவல். இறங்குவதற்கு முன் கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். முதல் நாளே நகத்தை வெட்டிவிடுங்கள்.

சரி, புரோகா வேண்டாமென்றால் எங்கே போவது? கோலாலம்பூரிலிருந்து 16 கிலோமீட்டரில் கெப்போங் 'ஃப்ரிம்', அதாவது மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம். ஈய லம்பம் (சுரங்கம்) தோண்டிப் பாழாக்கிய நிலத்தில் 1920களிலிருந்து மரம் நட்டு உண்டாக்கிய காடு அது; 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது. பாதை அகலம், ஏற்றம் மிதம், பிள்ளைகள் சோர்ந்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். கப்பூர் மரத் தோப்புக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் தழை இன்னொன்றைத் தொடாது. நடுவே வானம் வறண்ட குளத்து வெடிப்பு மாதிரி ஓடும். அந்தக் கப்பூர் வேறு எதுவும் இல்லை, நம் பச்சைக் கற்பூரம் தந்த மரம். அதைத் தேடித்தான் தமிழ் வணிகர்கள் சுமத்திராவின் பாருஸ் வரை போனார்கள்; அங்கே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னால் கைப்பேசியைப் பார்க்கும் பிள்ளைகூட ஒரு தடவை மேலே பார்க்கும்.

நகரத்துக்குள்ளேயே என்றால் புக்கிட் நானாஸ்: 1906இல் காப்புக் காடாக அறிவித்தது, அரை நாளுக்குக்கூட வராது. நம்ம பக்கத்தில் என்றால் செமினி அணையைத் தாண்டி உலு லங்காட் போகும் சாலையில் சுங்கை தெக்கலா. அங்கே நடையைவிட ஆற்றில்தான் ஜாக்கிரதை வேண்டும்.

குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கிறதே என்று நம்பாதீர்கள். மேலே மலையில் பெய்த மழை, அடைத்துக்கொண்ட மரக்கட்டையையும் குப்பையையும் உடைத்துக்கொண்டு ஒரேயடியாக வரும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பது இந்தத் திடீர் வெள்ளத்தைத்தான். 2021 ஆகஸ்டு 18இல் கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் மலையில் ஆறு பேரைக் கொண்டு போனது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், ஆற்றுச் சத்தம் மாறினால், துணிமணியை விட்டுவிட்டுக் கரையேறி உயரமான பக்கம் போங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள். சட்டி பானையை எடுக்கத் திரும்பி இறங்கவே கூடாது.

மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். நம்ம ஊரில் ஏழு, ஏழரைக்குத்தான் பொழுது விடிகிறது. புதிதாகப் போகிறவர்கள் சூரிய உதயம் பார்க்க இருட்டில் ஏறுவதை விட்டுவிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் பத்தரைக்குள் காடிக்கு (காருக்கு) திரும்பும்படி போங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பாதித் தண்ணீர் முடிந்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். மின்னல் தெரிந்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள். புரோகா மேட்டில் உங்களைவிட உயரமாக ஒரு மரம்கூட இல்லை. செல்ஃபி எடுத்தது போதும், இறங்குங்கள்.

பயிற்சிக்குச் செம்பனைத் தோட்டத்து மண் ரோடே போதும் என்பவர்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். வரிசைக்கு நடுவே குவித்திருக்கும் வெட்டிய மட்டையில் மட்டும் கால் வைக்காதீர்கள். முள் ஒரு பக்கம், எலிக்காக வந்து சுருண்டிருக்கும் பாம்பு இன்னொரு பக்கம். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் குரங்குக்கு அழைப்பு வைத்த மாதிரி. எல்லாம் முதுகுப் பைக்குள் இருக்கட்டும்.

நிரந்தரக் காப்புக் காடுகளுக்கு வன இலாகா அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் நுழைந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புரோகாவும் சேர்த்து எந்த மலையும் எப்போது வேண்டுமானாலும் மூடப்படலாம் என்பதால், போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் அந்த வாரத்து நிலவரத்தைப் பாருங்கள். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். லைன் இருக்கும்போதே இருக்கும் இடத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கால் புண்ணோடு ஆற்றில் இறங்காதீர்கள், எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் புண் வழியாக ஏறும். அதற்கான அறிகுறி பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்து கிளினிக்குக்குப் போனால், "ரெண்டு வாரம் முன்னாடி ஆத்துல குளிச்சேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.