குருவுக்கு 70 வருஷம் லீவா?

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது தெரியும். பேச்சாளர் பெயர் வேண்டாம். பலகையில் இரண்டு வட்டம் போட்டார். சூரியக் கரும்புள்ளிகள் கூடிக் குறைய 11 வருஷம், குரு சூரியனை ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், ஆகவே புள்ளிகளை ஆட்டிவைப்பது குருதான், "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார். ஒரே கைதட்டல்.

நான் ஒன்றுதான் கேட்டேன். 1645 முதல் 1715 வரை சூரியனில் கரும்புள்ளியே அபூர்வம். அந்த 70 வருஷமும் குரு லீவில் இருந்தாரா?

"பி.காம். படிச்ச நீங்க இதையெல்லாம் ஏங்க்கா போட்டுக் குழப்பிக்கறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். பி.காம். படித்தவளுக்குக் கணக்காவது வரும். 1755 முதல் 2019 டிசம்பர் வரை 24 கரும்புள்ளிச் சுழற்சிகள் முடிந்தன. குருவுக்கு ஒரு சுற்று 11.86 வருஷம், அதே காலத்தில் அவர் முடித்தது 22. கணக்கு இரண்டு உதைக்கிறதே, எந்த ஆடிட்டர் விடுவார்?

'ஆராய்ச்சியாளர்களே கோள்களைப் பற்றி எழுதறாங்களே' என்று இன்பாக்ஸில் ஒருவர். எழுதுகிறார்கள். ஆனால் குருவின் ஈர்ப்பு சூரியன்மேல் எழுப்பும் ஏற்றம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பெரும்பாலானவர்கள் சொல்வது வேறு. சூரியனின் நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் சுழல்கிறது, துருவப் பக்கம் 35 நாள் ஆகிறது. இந்த இழுபறியில் காந்தப்புலம் பிழிகிற ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொண்டு புள்ளியாக மேலே வருகிறது. பெரிய புள்ளிக் கூட்டம் ஒன்று வழக்கமான சாய்வு தப்பி வந்தாலே அடுத்த சுழற்சி இளைத்துப்போகலாம். 90 வருஷம், 200 வருஷம் என்று நீளும் ஏற்ற இறக்கங்களுக்கும் இதுதான் காரணமா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களே முடிவு சொல்லாததை நம்மவர் இரண்டு வட்டத்தில் முடித்துவிட்டார்.

'மரபை அவமதிக்கிறாள்' என்பவர்களுக்கு: குருப்பெயர்ச்சிக்குக் கொண்டைக்கடலை மாலை சாத்துகிறவள்தான் நானும். சாத்திவிட்டு கணக்கும் பார்ப்பேன்.

பத்து வயதில் அப்பா கொடைக்கானல் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போனார். வெள்ளை அட்டையில் சூரியன் விழுந்திருந்தது, அதில் மிளகு மாதிரி ஒரு புள்ளி. தூசி என்று விரலால் துடைத்தேன். போகவில்லை. "அது அங்க இருக்கு பாப்பா" என்றார். அங்கே 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை நம்ம கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் கணினியில் ஏற்றியிருக்கிறது. கைதட்டியவர்களில் ஒருத்தராவது திறந்து பார்த்திருப்பீர்களா?

அப்புறம், அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்ட சுண்டல் நான் செய்தது. அம்மா பெயர் வெட்டிய தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை.