ஒரு கிளாம்புக்காக முழு ராக்கையும்

கொழும்பு வெள்ளவத்தை மண்டபங்களின் சிறிய மேடைகளில் என் டிரம் செட்டின் முக்காலி ஸ்டான்டுகள் ஒன்றோடொன்று கால் பின்னிக்கொண்டு நிற்பதைப் பொறுக்கமாட்டாமல், 1.5 அங்குலக் குழாயாலான சிறிய டிரம் ராக்குக்கு, அதாவது டிரம்களையும் சிம்பல்களையும் கிளாம்பு என்ற பிடிகளால் மாட்டிவைக்கும் சட்டத்துக்கு, மாறினேன். இடம் மிச்சமானது உண்மைதான். ஆனால் முன்பு ஒரு சிம்பலை, அந்த உலோகத் தட்டை, நாலு விரற்கடை தள்ள வேண்டுமென்றால் அதன் ஸ்டான்டை மட்டும் இழுத்து வைத்தால் போதும். இப்போதோ திருகைத் திருப்பும் டிரம் சாவியைத் தேடி, கிளாம்பைத் தளர்த்தி, அதே கிளாம்பில் கூடவே தொங்கும் டொம் டிரம் சரிந்துவிடாதபடி முழங்காலால் முட்டுக்கொடுத்து, எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டியிருக்கிறது. போதாததற்குக் கடற்காற்றின் உப்பு வேறு; குரோம் பூசிய திருகுகளின் புரிகளில் அதற்குள் செந்துரு ஏறிவிட்டது. உதிரித் திருகு கேட்டால், முழு கிளாம்பாகத்தான் வரவழைக்க வேண்டும் என்கிறார் விற்றவர். இவ்வளவு பணம் வாங்கியவர்கள் நாலு திருகைச் சேர்த்து வைத்திருக்கக் கூடாதா?