121 பிள்ளைகள் இருந்தால்தான் ஐந்து டீச்சரா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். முக்கூடல் பக்கம் சின்ன ஊர். பெயர் வேண்டாம், பையனுக்குச் சங்கடம். எதிர்வீட்டுத் தங்கச்சி பீடி சுற்றுகிறாள். மகன் ஆறாம் வகுப்பு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தருகிற உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தரச் சொன்னாள். என் போனில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள், "இவன் நல்லா வாசிப்பான் அண்ணாச்சி, கேட்டுப் பாருங்க" என்று பையனைத் தமிழ்ப் புத்தகத்தோடு என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள்.

வாசித்தான். கணீரென்ற குரல், தட்டுத் தடங்கல் இல்லை. அவள் மடியில் தட்டை வைத்து, இலைக்குள் தூளைப் போட்டுச் சுருட்டிக்கொண்டே மகன் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் தற்செயலாக அவன் விரலைப் பார்த்தேன். வாய் ஒரு வரியில் போக, விரல் இரண்டு வரி பின்னால் கிடந்தது. பக்கம் முடிந்தது. அவன் திருப்பவில்லை. அடுத்த பக்கத்து வரி அவன் வாயில் வந்துகொண்டிருந்தது.

முழுப் பாடமும் மனப்பாடம்.

நான் ஒன்றும் சொல்லாமல் நாலைந்து பாடம் தள்ளி வேறொரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். முதலில் படத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். சரி, எழுத்துக் கூட்டு என்றேன். க, ப, ம, ட எல்லாம் தெரிகிறது. கால் போட்டால் நீளும் என்பது தெரிகிறது. கொம்பு வந்தால் நின்றுவிடுகிறான். 'கொடி' என்ற சொல்லில் முன்னால் கொம்பு, பின்னால் கால். அதை 'கெ' என்று ஒரு தடவையும் 'கா' என்று ஒரு தடவையும் சொல்லிவிட்டுச் சட்டைக் காலரால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பதினோரு வயதுப் பையன். அவனுக்கு எவ்வளவு கெட்டித்தனம் இருந்தால் ஒரு புத்தகத்தையே காதால் கேட்டு மனதில் ஏற்றி, இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் ஒப்பேற்றியிருப்பான்!

அவன் மேல் தப்பு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியது 2020-ல். கொரோனாவுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது வகுப்பறைக்குள் முதல் முதலாகக் கால் வைத்தபோதே அவன் இரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற திட்டம். நல்ல யோசனை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அரும்புக்கு ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது மொட்டாகும். உட்கார ஆள் வேண்டுமே.

எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது 31 பிள்ளைகள். ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். காலை உணவைப் பார்க்க வேண்டும், வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும், எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் விவரம் நிரப்ப வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகம் கூப்பிட்டால் போக வேண்டும், பாங்குக்குப் போக வேண்டும். இன்னொருவருக்குப் பயிற்சி என்றால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறையில். அந்த டீச்சர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பில் ஒருவன் வாசிக்கிறானா ஒப்பிக்கிறானா என்று கண்டுபிடிக்க எந்த மனிதரால் முடியும்?

இதில் என்னை உலுக்கிய விஷயம், இதெல்லாம் சட்டப்படி சரி என்பதுதான். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் தேடி எடுத்து வாசித்தேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 90 வரை மூன்று. 120 வரை நாலு. 121 பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஐந்து பேர். தலைமை ஆசிரியர் தனியாக வேண்டுமானால் 150-ஐத் தாண்ட வேண்டும். தலையை எண்ணி டீச்சர் கொடுக்கிறார்கள், வகுப்பை எண்ணி அல்ல. 31 பிள்ளைகள் இருக்கிற ஊரிலும் ஒன்றாம் வகுப்புப் பாடம் ஒன்றாம் வகுப்புப் பாடம்தானே?

அட்டவணை இப்படியென்றால் ஊரில் என்ன நடக்கும்? இரண்டு டீச்சர்தானே என்று யோசிக்கிற தாய், மகளிர் குழுவில் லோன் போட்டாவது பிள்ளையை மஞ்சள் வேனில் இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிறாள். இன்னொருத்திக்கு அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எல்கேஜி கிடைக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. என் பிள்ளையை நானும் அப்படித்தான் பாளையங்கோட்டையில் சேர்த்தேன். ஆனால் வேன் ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே ஒரு தலை குறைகிறது. தலை குறைந்தால் பணி நிரவல். உபரி என்று சொல்லி டீச்சரை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். டீச்சர் போனால் இன்னும் நாலு பிள்ளை வேன் ஏறும். கடைசியில் மிஞ்சுவது எந்த வேனும் ஏற முடியாத வீட்டுப் பிள்ளைகள். மிக அதிகமாக டீச்சர் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு மிகக் குறைவாக டீச்சர்.

இன்னொன்று, வீட்டுக்கு வீடு பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். நான் 1980-களில் அதே பள்ளியில் படித்தபோது ஐந்து வகுப்புக்கும் ஐந்து டீச்சர் இருந்தார்கள். வீட்டுக்கு நாலைந்து பிள்ளை இருந்த காலம், தலைக்கணக்கு தானாக வந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒவ்வொரு நாளும் நாலு பேரைப் பக்கத்தில் கூப்பிட்டு, அன்றைக்கு வந்த செய்தித்தாளில் ஒரு தலைப்பை வாசிக்கச் சொல்வார். அதை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். நான் இன்றைக்கு இதை எழுதுவதற்கு அந்தச் செய்தித்தாள்தான் காரணம் என்று நம்புகிறேன்.

சின்னப் பள்ளிகளை இணைத்துவிடலாமே, பக்கத்து ஊர் ஒரு கிலோமீட்டர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் வீடு புகுந்து ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அமைத்தார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரை. அத்தனையும் நடக்க வேண்டும். ஆனால் அது நடக்கிறவரை ஆறு வயதுப் பெண் பிள்ளையை இன்னொரு தெருவைத் தாண்டி அனுப்பு என்று ஒரு தாயிடம் சொல்ல நான் தயாரில்லை. சில ஊர்களில் பள்ளி சிறுத்துப்போனதற்கே, இது அவர்கள் தெருப் பள்ளி என்று மற்றவர்கள் ஒதுங்கியது ஒரு காரணம். இணைத்தால் அந்தப் பிள்ளைகள் பாதியில் நிற்பார்கள். படிப்பை நிறுத்தினார்கள் என்று பதிவேட்டில் வரும், ஏன் நிறுத்தினார்கள் என்று வராது.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லும்போது எனக்கும் பெருமைதான். 1820-ல் ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி வந்து இறங்கிய ஊர். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று நூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கி இன்றும் நடக்கிற ஊர். எந்தப் பிள்ளையையும் முடியாது என்று தள்ளாமல், அதற்கேற்ற வழியைத் தேடியிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பையன் கொம்பு தெரியாமல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

பசியோடு பிள்ளை படிக்காது என்பதை இந்த மாநிலம் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டது. காமராஜர் மதிய உணவை 1956-ல் தொடங்கிய எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டம். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலையிலும் சாப்பாடு. 31 பிள்ளைதானே, இவர்களுக்கு எதற்கு அடுப்பு என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் விஷயத்தில் மட்டும் ஏன் அந்தக் கணக்கு?

நான் கேட்பது இதுதான். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கு, பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும், வகுப்புக்கு ஒரு ஆசிரியர். சட்டத்தில் இருப்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்க மாநில அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. செலவாகும், தெரியும். எமிஸ் வேலைக்கு நாலைந்து பள்ளிக்குச் சேர்த்து ஒரு ஆள் போட்டாலே பாதி டீச்சர் மீண்டும் வகுப்புக்குள் வந்துவிடுவார்கள்.

அன்றைக்குத் தங்கச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். விண்ணப்பம் ஒருவழியாக ஏறியது. கிளம்பும்போது சொன்னேன். சுற்றுவதை நிறுத்தினாள். "தெனமும் ராத்திரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டுதான இருந்தேன் அண்ணாச்சி. வேற பக்கத்தத் திருப்பிக் கேக்கணும்னு எனக்குத் தெரியலையே." அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

இப்போது தினமும் இரவு அவள் போனிலிருந்து எனக்கு வாட்ஸாப்பில் அவன் குரல் வரும். பத்திரிகைத் துண்டு ஒன்றைப் படம் எடுத்து நான் அனுப்புவேன், அவன் வாசித்து அனுப்ப வேண்டும். நேற்று வந்ததில் 'கொள்முதல் நிலையம்' இருந்தது. முதல் சொல்லை மூன்று தடவை உடைத்து, நாலாவது தடவை சேர்த்துச் சொன்னான்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையும் இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைப் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று எழுத வேண்டும். அதை மனுவாக மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர் என்று கீழே எழுதுங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, ராதாபுரம், மானூர் எந்தப் பக்கமானாலும் சரி. மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.